கவலை கரைக்கும் நினைவு

தேர்வு அறையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு, முந்தைய இரவு வரிக்கு வரி ஒப்பித்த விடை நினைவுக்கு வருவதில்லை. விடைத்தாளை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் அதே விடை ஓர் எழுத்துக் குறையாமல் நினைவில் வந்து நிற்கிறது. மேடையேறிய பாடகருக்கு, நூறு முறை பாடிய கீர்த்தனையின் சரணம் சட்டென்று மறந்துபோகிறது. படித்ததில் குறையில்லை, பயிற்சியிலும் குறையில்லை. உள்ளே பத்திரமாக இருக்கும் பொருளை எடுத்துத் தர வேண்டிய கை மட்டும் அந்த நேரத்தில் நடுங்கிவிடுகிறது.

மகாபாரதத்தில் கர்ணனுக்கும் இப்படி ஒரு வேளை வந்தது. பரசுராமரிடம் கற்ற பிரம்மாஸ்திர மந்திரம், மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை. குருவின் சாபமே அதற்குக் காரணம் என்கிறது இதிகாசம். எந்தச் சாபமும் பெறாத எளிய மனிதர்களையும் நெருக்கடியில் நினைவு கைவிடுவது ஏன்? இந்தக் கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் அறிவியல் சிறிது சிறிதாக விடை கண்டுவருகிறது.

2000-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டொமினிக் டி குவெர்வெயினும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். உடல்நலம் உள்ளவர்களிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மறுநாள் அந்தச் சொற்களைத் திரும்பக் கூறச் செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு, சிலருக்குக் கார்டிசோன் மாத்திரை கொடுக்கப்பட்டது. பதற்றத்தின்போது உடல் தானே சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோனாக மாறக்கூடிய மருந்து அது. மாத்திரை உட்கொண்டவர்களுக்கு நினைவுக்கு வந்த சொற்கள் குறைந்தன. அதே மாத்திரையை மனப்பாடம் செய்வதற்கு முன்போ, செய்து முடித்த உடனேயோ கொடுத்தபோது அத்தகைய பாதிப்பு இல்லை. கற்பதும் சேமிப்பதும் கெடவில்லை. சேமித்ததை வெளியே எடுப்பதே தடைப்பட்டது. தேர்வு அறையில் தவிக்கும் பிள்ளையைப் பார்த்து 'ஒழுங்காகப் படிக்கவில்லை' என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டிய முடிவு இது.

உடலின் அபாய மணி

ஆபத்தைக் கண்டால் எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இதனை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கேனன் 1915-இல் விரிவாக எழுதினார். அவருக்குப் பின், கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 1936-இல் இன்னொரு செய்தியைக் கண்டறிந்து சொன்னார். கடுங்குளிர், அளவு மீறிய உழைப்பு, நச்சு மருந்து என்று துன்பம் எந்த வடிவில் வந்தாலும், எலிகளின் உடலில் ஒரே விதமான மாற்றங்கள் தோன்றின. அட்ரீனல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்குத் துணைபுரியும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டானது. இன்று வீடுதோறும் பேசப்படும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மருத்துவத்தில் நிலைபெறுவதற்கு அவருடைய ஆய்வுகளே வழிவகுத்தன.

சிறுநீரகங்கள் இரண்டின் மீதும் சிறு தொப்பி கவிழ்த்ததைப் போல அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். ஆபத்து தெரிந்த சில நொடிகளில் அவற்றின் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. இது முதல் அலை.

இரண்டாம் அலை சற்று நிதானமாக வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ், தனக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணை அனுப்புகிறது. பிட்யூட்டரி அதனை இரத்தத்தின் வழியே அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து கார்டிசால் வெளிப்படுகிறது. துன்பம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தித் தசைகளுக்கும் மூளைக்கும் எரிபொருள் தருவது அதன் முதன்மையான பணி.

கார்டிசாலைப் பகைவனாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அது உயர்ந்து மனிதனை எழுப்புகிறது. நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்து உறங்க விடுகிறது. அது முற்றிலும் சுரக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. 1855-இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் அட்ரீனல் சுரப்பியின் செயலிழப்பால் வருவதுதான். இரத்தத்தில் கார்டிசால் போதிய அளவு சேர்ந்ததும், அதுவே மூளைக்குத் திரும்பிச் சென்று 'போதும்' என்று அறிவிக்கிறது, சுரப்பும் அடங்குகிறது. அடிக்கவும் அணையவும் தெரிந்த மணி அது. அணையாமல் அடித்துக்கொண்டே இருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

மூளைக்குள் ஒரு கடற்குதிரை

நீண்ட காலம், இந்த ஹார்மோன்களை உடலின் பிற உறுப்புகளோடு மட்டுமே பெரும்பாலும் இணைத்துப் பார்த்தார்கள். 1968-இல் அந்தப் பார்வை மாறியது. நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் என்ற இளம் அறிஞரும் அவருடைய சகாக்களும், கதிரியக்க அடையாளம் இடப்பட்ட அட்ரீனல் ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்தி, மூளையில் அது எங்கே சென்று தங்குகிறது என்று பார்த்தனர். அது மிகுதியாகத் தங்கிய இடம் ஹிப்போகேம்பஸ்.

கிரேக்க மொழியில் ஹிப்போகேம்பஸ் என்றால் கடற்குதிரை. வடிவ ஒற்றுமையால் அந்தப் பெயர் வந்தது. இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று அமைந்திருக்கிறது. இன்று காலை யார் வந்தார்கள், கண்ணாடியை எங்கே வைத்தோம், கடைக்குப் போகும் வழி எது என்பன போன்ற புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் இடம் அதுதான். மறதி நோயான அல்சைமர் முதலில் தாக்கும் பகுதிகளுள் ஒன்றும் அதுவே. கவலையின் ஹார்மோன் நேரே சென்று கதவைத் தட்டுவது நினைவின் வீட்டில் என்பது அன்றுதான் தெரியவந்தது. கார்டிசால் சுரப்பை அடக்கும் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் பகுதிகளுள் ஹிப்போகேம்பஸும் ஒன்று. ஆகவே, அது தளர்ந்தால் கடிவாளமும் தளர்கிறது.

2020-இல் மறைந்த மெக்யூவன், 1993-இல் எலியட் ஸ்டெல்லர் என்பவருடன் சேர்ந்து, இடையறாத கவலையால் உடலில் சேரும் தேய்மானத்துக்குத் தனிப் பெயர் ஒன்றைச் சூட்டினார். அவர் சொன்ன கருத்தை நம் வழக்கில் கூறுவதானால், அவசரத்துக்குச் சுரக்கும் கார்டிசால் ஒரு கைமாற்று. உரிய நாளில் அடைத்துவிட்டால் அது உதவி. மாதக்கணக்கில் நிலுவையில் நின்றால் வட்டியும், வட்டிக்கு வட்டியுமாகப் பெருகி, இரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்கமின்மை, மறதி என்று பல கணக்குகளில் ஒரே நேரத்தில் பற்று எழுதப்படுகிறது.

பெங்களூருவில் கண்ட காட்சி

இந்தத் துறையில் உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டில் நடந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திர சட்டர்ஜியும், நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சங்கரநாராயண ராவும் இடம்பெற்ற குழு 2002-இல் அதனை வெளியிட்டது. எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம், தொடர்ந்து 10 நாட்கள் அசையவிடாமல் வைத்து, பின்னர் அவற்றின் மூளை நரம்பணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள்.

நரம்பணு ஒன்று, கிளை விரித்த மரத்தைப் போன்றது. ஹிப்போகேம்பஸில் அந்தக் கிளைகள் வாடிச் சுருங்கியிருந்தன. அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதியிலோ கிளைகள் முன்னைவிட அடர்ந்து வளர்ந்திருந்தன. பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் சிறு பகுதி அது. ஒரே துன்பம், நினைவின் மரத்தை வாட்டி, அச்சத்தின் மரத்துக்கு நீர் ஊற்றியது.

அதே ஆய்வுக்கூடம் 2004-இல் அடுத்த கேள்விக்கு விடை தேடியது. துன்பத்தை நிறுத்தி 21 நாட்கள் ஓய்வு கொடுத்தபோது, ஹிப்போகேம்பஸின் கிளைகள் மீண்டும் தழைத்தன. அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் அப்படியே இருந்தன. எலிகளின் அச்சமும் குறையவில்லை. எலியின் மூளையை அப்படியே மனித மூளையாகக் கொள்ள முடியாது. ஆயினும், பெருந்துன்பத்தைக் கடந்துவந்த ஒருவர் வேலைகளை எல்லாம் முன்போல் செய்யத் தொடங்கிய பின்னும், கதவு தட்டும் ஓசைக்கும் தொலைபேசி மணிக்கும் திடுக்கிடுவதைக் காணும்போது, 'எல்லாம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்?' என்று கேட்பதற்கு முன் சற்றே பொறுக்க வேண்டும் என்று இந்த ஆய்வு அறிவுறுத்துகிறது.

மனிதர்களிடம் கண்டவை

மான்ட்ரியலில் சோனியா லூபியன் என்ற பெண் விஞ்ஞானி, உடல்நலத்துடன் வாழ்ந்த முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஆண்டுதோறும் கார்டிசால் உயர்ந்துகொண்டே சென்று மிகுந்த அளவில் இருந்தவர்களுக்கு, மிதமான அளவில் இருந்தவர்களைவிட ஹிப்போகேம்பஸ் 14 விழுக்காடு சிறியதாக இருந்தது. நினைவுச் சோதனைகளிலும் அவர்கள் பின்தங்கினர். இது 1998-இல் வெளிவந்தது. 2018-இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில், சராசரியாக 48 வயதைக் கடந்த 2,231 பேரைப் பரிசோதித்தபோதும், இரத்தத்தில் கார்டிசால் மிகுந்தவர்களுக்கு நினைவாற்றல் குறைந்திருப்பது தெரிந்தது. மூளையின் கன அளவு குறைந்திருந்தது பெண்களிடமே தெளிவாகத் தென்பட்டது.

இவ்விரண்டு ஆய்வுகளும் தொடர்பைக் காட்டுகின்றனவே அன்றி, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவவில்லை. கவலைப்படுபவர் எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அப்படி எண்ணி அஞ்சுவதே இன்னொரு கவலையாகிவிடும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கட்டி முதலிய காரணங்களால் உடலில் கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்க்குக் குஷிங் நோய்த் தொகுதி என்று பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மோனிகா ஸ்டார்க்மன், அந்நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக் கார்டிசால் இயல்பு நிலைக்கு வந்த பின் ஹிப்போகேம்பஸின் அளவு கூடியதை 1999-இல் எடுத்துக்காட்டினார். 2009-இல் நியூயார்க்கில், பெருந்தேர்வுக்குப் படித்துக் களைத்த மருத்துவ மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறன் அவர்களுக்குக் குன்றியிருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்த பின் அந்தத் திறன் திரும்பிவிட்டது. மூளை வளைகிறது, நேரத்தோடு சுமையை இறக்கினால் பெருமளவு நிமிர்ந்தும் விடுகிறது.

வீட்டுக்குள் நடக்கும் தேர்வு

எத்தகைய சூழ்நிலை கார்டிசாலை உயர்த்துகிறது? லூபியன் நான்கைச் சுட்டுகிறார். பழக்கமில்லாத புதிய நிலை. எப்போது என்ன வரும் என்று கணிக்க இயலாமை. தன்மதிப்புக்கு நேரும் ஊறு. எதுவும் தன் கையில் இல்லை என்ற உணர்வு. இந்நான்கில் ஒன்று இருந்தாலே போதும். சேரச் சேரச் சுமை கூடும். 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளிவந்த ஒரு கட்டுரையும், பிறர் முன்னிலையில் மதிப்பிடப்படுவதும் நிலைமை கைமீறிப் போவதும் ஒன்றுசேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக உயர்கிறது என்று கண்டது.

இப்போது ஒரு வீட்டின் கூடத்தை எண்ணிப் பார்க்கலாம். உறவினர்கள் வந்திருக்கிறார்கள். எழுபத்தைந்து வயதுப் பெரியவரிடம், 'தாத்தா, வந்திருப்பது யார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று ஒருவர் கேட்கிறார். அவர் தயங்குகிறார். 'போன மாதம்தானே பார்த்தீர்கள்? அதற்குள் மறந்துவிட்டதா?' என்று இன்னொருவர் சிரிக்கிறார். கேட்டவர் அன்பினால்தான் கேட்டார். சிரித்தவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் பெரியவருக்கு அது பலர் முன்னிலையில் நடக்கும் தேர்வு. எதிர்பாராத கேள்வி, கூடியிருக்கும் கண்கள், குறையும் மதிப்பு ஆகிய அனைத்தும் அங்கே ஒன்றுசேர்கின்றன. தேர்வு அறையில் மாணவனுக்கு நேர்ந்ததே இங்கே அவருக்கும் நேர்கிறது. தயக்கம் கூடக் கூட மறதி கூடுகிறது. மறதி கூடக் கூட அச்சம் கூடுகிறது. நாளடைவில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு அறைக்குள் ஒடுங்கிவிடுகிறார்.

லூபியனின் குழு 2013-இல் இதனைச் சோதித்தே காட்டியது. பழக்கமில்லாத இடம், ஒத்துவராத நேரம் என்று முதியவர்களுக்குப் பொருந்தாத சூழலில் நினைவுச் சோதனை நடத்தியபோது, அவர்களுடைய கார்டிசால் உயர்ந்தது; மதிப்பெண் குறைந்தது. இசைவான சூழலில் அதே வயதினர் நன்றாகச் செய்தார்கள். மூப்பின் மறதி என்று எண்ணப்படுவதில் ஒரு பங்கு, கேட்கும் முறையால் விளைவது. வருபவரை அழைத்து வரும்போதே, 'அப்பா, நம் மதுரைச் சித்தியின் மகன் வந்திருக்கிறான்' என்று பெயரும் உறவும் சொல்லி அறிமுகப்படுத்துவதற்குச் செலவு ஏதுமில்லை. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தால் முந்தைய நாளே சொல்லி வைப்பதும், எந்தச் சட்டை அணிவது என்ற சிறு முடிவுகளையாவது அவரிடமே விட்டுவைப்பதும் அந்த நான்கு சுமைகளில் சிலவற்றை இறக்கும்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

மறதி நோய் கண்ட பெரியவர் இருக்கும் வீட்டில், இன்னொருவரின் உடல்நலமும் ஓசையின்றிக் கரைந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் அவர் மருமகளாகவோ மகளாகவோ மனைவியாகவோ இருப்பார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும், மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் பெண்களின் கையில் மிகச் சிறிய காயம் ஒன்றை ஏற்படுத்தி, அது ஆறும் காலத்தைக் கணக்கிட்டார்கள். அத்தகைய பொறுப்பு இல்லாத, அதே வயதுடைய பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற 9 நாட்கள் அதிகமாயின. 1995-இல் வெளிவந்த இந்த முடிவு, தொடர்ந்த மனச்சுமை தோலிலும் தெரியும் என்பதற்குச் சான்று.

இந்தப் பெண்மணிக்கு 'கவலைப்படாதே' என்ற அறிவுரை பயன் தராது. வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் வேறொருவர் வந்து பெரியவரின் அருகில் அமர்ந்தால் பயன் தரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, ஆண்டில் சில வாரங்கள் நேரில் வந்து பொறுப்பை ஏற்றால் பயன் தரும். இரவில் முழு உறக்கம் அவருக்குக் கிடைக்கிறதா என்று யாரேனும் கேட்டாலே ஓரளவு பயன் தரும்.

மணியை அணைக்கும் வழிகள்

முதலாவது உறக்கம். கார்டிசால் தாழ வேண்டிய நேரம் இரவு. அந்த நேரத்தைக் கைப்பேசி வெளிச்சத்துக்கும் வாக்குவாதத்துக்கும் கொடுத்துவிட்டால் அதன் அன்றாட ஒழுங்கு குலைகிறது. வரவு செலவுப் பேச்சு, சொத்துப் பேச்சு, பிள்ளைகளின் மதிப்பெண் பேச்சு ஆகியவற்றை இரவு உணவுக்குப் பின் எடுக்காதிருப்பது நல்ல வழக்கம்.

இரண்டாவது நடை. 2011-இல் அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வில், வாரத்துக்கு 3 நாட்கள், 40 நிமிடங்கள் வரை நடந்தவர்களுக்கு ஓராண்டில் ஹிப்போகேம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றே குறைந்திருந்தது. தெருவில் நடந்தாலும் கோயில் பிரகாரத்தில் நடந்தாலும் காலுக்கு ஒன்றே. இடைவிடாமல் சற்று விரைந்து நடக்க வேண்டும் என்பதே முக்கியம்.

மூன்றாவது மூச்சு. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்தவ ஜெபமாலையை லத்தீன் மொழியில் சொன்னபோதும், யோக மந்திரம் ஒன்றை ஜபித்தபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு நிதானப்பட்டது. இதயத்தின் தாளமும் அதற்கு இசைந்து சீரானது. சமயம் எதுவாயினும், நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது உடல் அமைதி கொள்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவசரமாக முடிக்கும் பாராயணத்தில் மூச்சு அப்படி நிதானப்பட வாய்ப்பில்லை.

மருந்தோடு விளையாட வேண்டாம்

ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள், இதையெல்லாம் படித்துவிட்டுத் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

அதேபோல், புதிதாகத் தோன்றும் மறதியைக் 'கவலையால் வந்தது' என்றோ 'வயதானால் அப்படித்தான்' என்றோ ஒதுக்கிவிடவும் கூடாது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு சுரப்பு குறைவு, மனச்சோர்வு நோய், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவை உரிய சிகிச்சையால் பெரும்பாலும் சீராகக் கூடியவை. பழகிய தெருவில் வழி தவறுவது, பணத்தை எண்ணிக் கொடுக்கத் தடுமாறுவது, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை தெரிந்தால், அப்போதே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

பதறாத காரியம் சிதறாது என்றார்கள் பெரியோர். அந்தப் பழமொழி காரியத்தைப் பற்றிச் சொன்னதை, இன்றைய ஆய்வுக்கூடங்கள் மூளையைப் பற்றியும் சொல்கின்றன. பதறாமல் இருப்பது ஒருவர் தனியாகச் சாதிக்கக் கூடியது அன்று. பிள்ளையின் தேர்வுக் காலத்தில் குரல் தாழ்த்தும் தந்தையும், பெரியவரின் தடுமாற்றத்தைக் கண்டும் காணாதவராய் உரிய சொல்லை எடுத்துக்கொடுக்கும் பேத்தியும், அண்ணியிடம் 'இன்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சற்றுப் படுங்கள்' என்று கூறும் நாத்தனாரும் இருக்கும் வீட்டில், அந்தச் சுமை யார் ஒருவர் தலையிலும் முழுதாக இறங்குவதில்லை.